யாரைக் கேட்டுத் திறப்பது

அக்டோபர் 3, வியாழன்

அகரந்தாங்கல் ஏரியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அனந்தபத்மன் சார் வரைபடத்தை மேசையில் விரித்து, "உங்க வீட்டுப் பக்கம்தானே வசுமதி, போக வர சுலபம்" என்றார். அரசுத் திட்டங்கள் பலன் தந்தனவா என்று மதிப்பிட்டுச் சொல்வதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. அவர் இயக்குநர். வீட்டுப் பக்கம் என்பதாலேயே நான் மறுத்திருக்க வேண்டும். ஏரிக்கரைக்குக் கீழே பொன்மலர் நகர், அதில் மூன்றாவது தெரு, தரைத்தளம். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்துவிட்டு, சரி சார் என்று வந்துவிட்டேன்.

திட்டத்தின் பெயர் பெருமழைத் தாங்குதிறன் திட்டம். கரையை உயர்த்தினார்கள். பழைய மதகை இடித்துவிட்டு மின்சாரத்தில் ஏறி இறங்கும் இரும்பு ஷட்டர்கள் போட்டார்கள். நீர்மட்டம் காட்டும் கருவி வைத்தார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு, அதுதான் முக்கியம் என்கிறார்கள். முன்பெல்லாம் ஷட்டரைத் திறக்க மேலிடத்து உத்தரவு வரவேண்டும். இப்போது விதியை மாற்றிவிட்டார்கள். தண்ணீர் அபாய அளவான சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால், ஏரியில் நிற்கும் உதவிப் பொறியாளரே யாரையும் கேட்காமல் திறக்கலாம்.

என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். இந்த மாற்றம் நிற்குமா? திட்டப் பணம் தீர்ந்த பிறகும், ஆள் மாறிய பிறகும், துறை முழுக்க இப்படித்தான் நடக்குமா? டிசம்பர் முதல் வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் மற்ற ஏரிகளுக்கு அடுத்த கட்டம்.

சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளைப் பரணில் ஏற்றினேன். மகள் மிருதுளா எதற்கு என்று கேட்டாள். பெருக்க வசதியாக இருக்கும் என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஏரியில் ஒத்திகை. ஷாமியானா, நாற்காலிகள், வடை. அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உதவிப் பொறியாளர் பொத்தானை அழுத்தினார். ஷட்டர் முனகிக்கொண்டே ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

உதவிப் பொறியாளர் பெயர் இருதயமேரி. முப்பது வயதுகூட இருக்காது. தெற்கே கடலோரத்துப் பெண். ரெயின்கோட் அவருக்குப் பெரிதாக இருந்தது. பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் போனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். கைதட்டலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் சுண்டைக்காய் வற்றல் காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷெட்டில் இருதயமேரியைத் தனியாகப் பார்த்தேன். காவலாளி துலுக்காணம் டீ வாங்கப் போயிருந்தார்.

"அன்னைக்கு யாருக்கு போன் பண்ணீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "எதுக்கு மேடம் அது?"

"யாரையும் கேக்காம திறக்கலாம்னுதானே விதி?"

"ஆமா மேடம். விதி இருக்கு." ஷெட் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இ.இ சார்கிட்ட சொல்லிட்டுத் திறந்தேன். ஒத்திகைன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிடணும்."

இ.இ என்றால் அவருடைய மேலதிகாரி, செயற்பொறியாளர்.

"ஏன்?"

"போன வருஷம் வேற ஒரு ஏரியில எங்க சீனியர் ஒருத்தர் விதிப்படி தானே திறந்துட்டார். கீழ ரெண்டு தெருவுல தண்ணி போயிடுச்சு. ஜனங்க ரோட்டுல உட்கார்ந்துட்டாங்க. அவர் திறக்கலைன்னா கரை போயிருக்கும். ஆனா போகாத கரையை யார் மேடம் பாப்பாங்க? போன தண்ணியைத்தான் பாப்பாங்க. அவரை ஓரங்கட்டிட்டாங்க, இப்ப யாரும் பேர் சொல்லிக்கூடக் கேக்கிறதில்லை."

"நிஜமா சிவப்புக் கோட்டுக்கு வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

துலுக்காணம் டீயோடு வந்துவிட்டார். இருதயமேரி டீயை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை போலிருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

இந்த வாரம் முழுக்க மற்ற ஏரிகள். இதே விதி அமலில் இருக்கும் இடங்கள். எல்லாப் பொறியாளர்களிடமும் அதே கேள்வி. எல்லோரும் முதலில் "விதி இருக்கே மேடம்" என்கிறார்கள். அப்புறம் சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், "பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்கா மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஷட்டர்கள் எல்லா இடத்திலும் பளபளவென்று இருக்கின்றன. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஹவுஸ் ஓனரிடம் மொட்டை மாடிக் கதவின் சாவி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். துணி காயப்போட. என் கணவர் தாமு சிரித்தார். "மழைக்காலத்துலயா?" என்றார். அவர் மெட்ரோ ரயிலில் ஸ்டேஷன் கண்ட்ரோலர். எந்த நேரத்தில் ஷிப்ட் விழும் என்று சொல்ல முடியாது. சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். இரண்டு முறை எடுத்துப் போய்ப் பூட்டைத் திறந்து பார்த்தேன். சுலபமாகத் திறக்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

வரைவை அனந்தபத்மன் சாரிடம் கொடுத்தேன். "நிலையான மாற்றம்: இல்லை" என்று எழுதியிருந்த பக்கத்திலேயே அவர் வெகுநேரம் இருந்தார்.

"இல்லைன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா?"

"அடுத்த கட்டம் நிக்கும்."

"நிக்கும். மத்த ஏரிங்களுக்கு ஷட்டர் வராது, கரை உயராது. அங்கயும் கீழ ஜனங்க இருக்காங்க. வசுமதி, நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லலை. ஷட்டர் இல்லாத ஏரியைவிட ஷட்டர் இருக்கிற ஏரி மேல் இல்லையா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். ஷட்டர் இருக்கிறது என்று நம்பிப் படுத்துத் தூங்குகிறவனைப் பற்றி நான் சொல்ல நினைத்தேன். சொல்ல வரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏசி குளிர் என்று நினைக்கிறேன்.

"இன்னும் ஒருமுறை யோசிங்க. மழைக்காலம் முழுசா பாக்கி இருக்கு. அதையும் பார்த்துட்டு எழுதுங்க" என்றார்.

மழையைப் பார்த்துவிட்டு எழுத வேண்டுமாம்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி முடிந்தது. பட்டாசு பாதி நமுத்துப் போனது. மிருதுளாவுக்குக் கோபம். எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை, பட்டாசுச் சத்தம்தான் காரணம்.

நவம்பர் 11, திங்கள்

விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை. ஏரியில் சிவப்புக்கு முந்தைய மஞ்சள் கோட்டுக்குக் கீழேதான் தண்ணீர் என்று இருதயமேரி செய்தி அனுப்பினார். நான் கேட்காமலே அனுப்புகிறார். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எதிர்வீட்டு ஷமீமா அக்கா கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். அவர் கீழே தையல் கடை வைத்திருக்கிறார், மாடியில் குடியிருக்கிறார். வீட்டுக்காரர் துபாயில். மிருதுளா பாதி நாள் அங்கேதான் இருப்பாள்.

கூடத்தில் ஈரம் பூத்திருந்தது. வெறும் ஓதம். ஆனாலும் கால் பட்டதும் எனக்கு அந்தப் பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிது. அப்பா எங்களோடு இருந்தார். ஏரித் தண்ணீர் சொல்லாமல் வந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள் அது. மேசை மேல் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். படகு வந்தது. வந்தபோது தேவைப்படவில்லை.

இதை நான் எங்கேயும் எழுதினதில்லை. மதிப்பீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மதியம் ரசம், அப்பளம்.

நவம்பர் 14, வியாழன்

மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டது.

நவம்பர் 16, சனி

நேற்று எழுதமுடியவில்லை. ஷமீமா அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை எரிகிறது, உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது. வரிசையாக எழுதிவிட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும் என்று பார்க்கிறேன்.

நேற்றுக் காலை தாமு ஷிப்டுக்குப் போனார். மிருதுளாவை ஷமீமா அக்காவிடம் விட்டுவிட்டு நான் ஏரிக்குப் போனேன். மழையின்போது விதி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அதற்காகத்தான் போனேன்.

ஏரி என்று அதைச் சொல்ல முடியாது. எதிர்க்கரை தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இருதயமேரியும் துலுக்காணமும் ஷெட்டில் இருந்தார்கள். மதியம் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கருவி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. துலுக்காணம் அதை நிறுத்தத் தெரியாமல் மேலே துண்டைப் போட்டு மூடினார்.

இருதயமேரி போனை எடுத்தார். இ.இ எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன்.

"சார் காணொலிக் கூட்டத்துல இருக்கார். குரூப்ல போட்டோ போடுங்க, பாத்துட்டுச் சொல்வாங்க."

"சார், சிவப்புக் கோடு தாண்டுது. விதிப்படி நான் திறக்கலாம்."

"அது உங்க இஷ்டம் மேடம். நாங்க திறக்கச் சொல்லலை."

போட்டோ போட்டார். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக்குகள் வந்தன. ஒருவரும் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடும் கையைப் போட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தமென்று எங்களுக்குப் புரியவில்லை.

கரையைப் பார்த்துவரப் போயிருந்த துலுக்காணம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "வாம்மா, வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

கரையின் வெளிப்புறச் சரிவில், புதிதாகப் போட்ட நடைபாதைக் கல்லுக்குக் கீழே, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இருதயமேரி மண்டியிட்டு அதைக் கையில் ஏந்தினார். கலங்கலாக இருந்தது. விரலில் மண் ஒட்டியது.

"தெளிஞ்ச தண்ணி வந்தா பரவாயில்லை மேடம். மண்ணோட வருதுன்னா உள்ள அரிக்குது."

நான் சரிவுக்குக் கீழே பார்த்தேன். எங்கள் தெருக்கள். தண்ணீர்த் தொட்டிகள், கேபிள் வயர்கள், மாடியில் யாரோ எடுக்க மறந்த ஒரு சிவப்புப் புடவை. ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

மதகுக்குத் திரும்பினோம். இருதயமேரி பொத்தான் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"உங்க வீடு எந்தத் தெரு மேடம்?"

"பொன்மலர் நகர். மூணாவது."

"திறந்தா கால்வாய் தாங்காது. முதல்ல அங்கதான் வரும்."

"தெரியும்."

"வீட்டுல யாரு?"

"பொண்ணு. எதிர்வீட்டுல இருக்கா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேடம் என்பதெல்லாம் போய்விட்டது. "அக்கா, சொல்லுங்க. திறக்கட்டுமா?"

மதிப்பிட வந்தவள் குறுக்கிடக் கூடாது. எங்கள் வேலையில் முதல் பாடம் அது. எனக்கு அது நினைவுக்கு வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். நான் ஷமீமா அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, பாப்பாவைக் கூட்டிட்டு மாடிக்குப் போங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. வயசானவங்களை முதல்ல ஏத்தச் சொல்லுங்க. ஏரி திறக்குது."

"யாரு சொன்னா? அறிவிப்பு ஒண்ணும் வரலையே?"

"நான் சொல்றேங்கா."

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. தெருவில் இறங்கி அவர் கத்துவது போனிலேயே எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் விட்டோம். எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பிறகு, "திறம்மா" என்றேன்.

பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மின்சாரம் போயிருந்தது. கருவி பேட்டரியில் கத்திக்கொண்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஒத்திகை நாளில் அதிகாரிகளுக்குக் காட்டிய ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது, அன்றே போய்விட்டது. மிச்சம் இருந்தது கையால் சுற்றும் இரும்புச் சக்கரம். மூன்று பேரும் அதில் தொங்கினோம். முதலில் அசையவே இல்லை. இருதயமேரி ஏசுவே, ஏசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் விரல் அளவு ஏறியது. அடியில் தண்ணீர் பீறிட்டது. அந்தச் சத்தம். அதைக் கேட்டதும் நான் கையை விட்டுவிட்டேன். துலுக்காணம் அதட்டினார். மறுபடியும் பிடித்தேன்.

பாதி ஏறியபோது இ.இ கூப்பிட்டார். "யாரைக் கேட்டும்மா திறந்தே?" என்றார். இருதயமேரி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். உள்ளேயிருந்து இ.இயின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் முன் கசிவு குறைந்தது. கரை நின்றது.

நான் இடுப்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தேன். போன் வேலை செய்யவில்லை. ஷமீமா அக்கா வீட்டு மாடிச் சன்னலில் மிருதுளா தெரியும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. "அம்மா, நம்ம பிரிட்ஜ் மிதக்குது" என்று கத்தினாள்.

நவம்பர் 18, திங்கள்

தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டில் கணுக்கால் அளவு சேறு. தாமு இரண்டு நாள் லீவு போட்டு மண்வாரியால் தள்ளிக்கொண்டிருக்கிறார். பெட்டிகள் பரணில் இருந்ததால் தப்பின. "நீ முன்னாடியே நினைச்சிருக்கே" என்றார். பெருக்குவதற்காக வைத்தது என்றேன். அவர் மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, எவன் திறந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மெத்தைகள், பைக்குகள், பீரோக்கள், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் குப்பையாகக் குவிந்து கிடக்கின்றன. கோபம் நியாயமானது. நான் குனிந்து சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஷமீமா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவருடைய தையல் மெஷின்கள் கீழே இருந்தன, மோட்டாரெல்லாம் போய்விட்டது. அவர் கைவேலையை நிறுத்தவில்லை. ஒரு மெஷினை முழுக்கத் துடைத்து முடித்தார். பிறகு, "கரை போயிருந்தா?" என்று கேட்டார்.

"மாடியும் மிஞ்சியிருக்காதுக்கா."

"அப்ப அதைத் தெருவுல சொல்லு."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான். இந்த மெஷினெல்லாம் இனிமே ஓடுமான்னு" என்றார்.

நவம்பர் 21, வியாழன்

பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் புதிய முறைப்படி உடனடியாக ஷட்டர் திறக்கப்பட்டதாம். தாங்குதிறன் திட்டத்தால் பேரழிவு தவிர்க்கப்பட்டதாம். டிவியில் ஏரியின் பழைய படம், ஒத்திகை நாளில் எடுத்தது. பின்னணியில் ஷாமியானா தெரிகிறது.

அனந்தபத்மன் சார் போன் செய்தார். குரலில் உண்மையான சந்தோஷம். "பாத்தீங்களா? இதைவிட என்ன நிரூபணம் வேணும்? தனி அத்தியாயமா எழுதிடுங்க."

அதே சாயங்காலம் இருதயமேரியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவருக்கு மெமோ. உரிய ஒப்புதல் பெறாமல் ஷட்டரைத் திறந்து பொதுமக்களுக்குச் சேதம் விளைவித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

செய்தியையும் மெமோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து புறப்பட்டவை.

நவம்பர் 24, ஞாயிறு

இருதயமேரியின் ஹாஸ்டலுக்குப் போனேன். வெளியே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்தோம். அவர் கையிலும் கட்டு. பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"விளக்கம் என்ன எழுதினீங்க?"

"விதி எண்ணைப் போட்டேன். வேற என்ன எழுத? அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. தம்பி என் சம்பளத்துலதான் படிக்கான்."

"என் அறிக்கையில உங்க பேரை எழுதலாமா?"

நிமிர்ந்தார். கண்ணில் அந்த மதகடி பயம் மறுபடியும் தெரிந்தது. "வேண்டாம்." பிறகு, "ஒரு உதவிப் பொறியாளர்னு எழுதுங்க." பிறகு, "அப்படி எழுதினாலும் எல்லாருக்கும் தெரியும்."

வெளியே தூறல் விழுந்தது. இரண்டு பேருமே ஒரே நேரத்தில் தெருவைத் திரும்பிப் பார்த்தோம். அது வெறும் தூறல்தான்.

"எழுதாட்டி ஷட்டர் தானாத் திறந்துச்சுன்னு ஆயிரும், இல்லையாக்கா?"

"ஆகும்."

"அப்ப எழுதுங்க." பன்னைத் தட்டில் வைத்தார். "அடுத்த தடவை நான் திறப்பேனான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியலை."

"நான் உங்களைத் திறக்கச் சொன்னதையும் எழுதப் போறேன்."

"உங்களுக்கு வேலை போயிருமே?"

இருக்கலாம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, காய்ச்சலா என்று கேட்டார்.

நவம்பர் 29, வெள்ளி

இருதயமேரிக்கு மாறுதல். எங்கோ ஏரியே இல்லாத பிரிவில், வரைபட வேலை. நாளையே சேர வேண்டுமாம்.

டிசம்பர் 5, வியாழன்

ஆய்வுக் கூட்டம். நீளமான மேசை, முந்திரிப் பருப்பு. இ.இ எனக்கு நேரெதிரே இருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

நான் முடிவுப் பக்கத்தைப் படித்தேன். நிலையான மாற்றம்: இல்லை. தலைவராக இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஷட்டர் திறந்ததா இல்லையா?"

"திறந்தது சார்."

"கரை நின்னுதா?"

"நின்னுது."

"அப்புறம் என்னம்மா இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

தண்ணீர் குடித்தேன். "விதி திறக்கலை சார். விதியை நம்பின ஒருத்தங்க திறந்தாங்க. அதுவும் போன் பண்ணி, காத்திருந்து, யாரும் பதில் சொல்லாம போன பிறகு. நான் பக்கத்துல இருந்தேன். திறக்கச் சொன்னதும் நான்தான், அதையும் எழுதியிருக்கேன். அவங்களுக்கு மெமோ கொடுத்து மாத்திட்டாங்க. அடுத்து அந்த இடத்துக்கு வர்றவங்க விதியைப் படிக்கமாட்டாங்க சார். அந்த மெமோவைத்தான் படிப்பாங்க."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இ.இ முதல்முறையாக என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். களைத்துப்போன முகம். "எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தலைவர், குறிப்பிட்டவை பரிசீலிக்கப்படும் என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போனார்.

டிசம்பர் 6, வெள்ளி

அனந்தபத்மன் சார் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். மதிப்பிட வந்தவரே திறக்கச் சொன்னதால் என் கண்டறிதல் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அறிக்கையை வேறொருவர் திருத்துவார். "கணிசமான முன்னேற்றம்னு போடப் போறேன் வசுமதி. மத்த ஏரிங்களுக்குக் கரையாவது உயரட்டும். உங்களுக்குக் கொஞ்சநாள் ஓய்வு."

அவர் என் கண்ணைப் பார்க்க முடியாமல் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். நான் சண்டை போடவில்லை. மெமோவை அறிக்கையில் இணைப்பாக வையுங்கள், அது போதும் என்றேன். பார்க்கலாம் என்றார்.

வீட்டில் தாமுவிடம் சொன்னேன். புது பிரிட்ஜுக்கு இன்னும் பொறுக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 11, புதன்

வங்கக் கடலில் மறுபடியும் தாழ்வு நிலை. காலையிலிருந்து காற்று ஒரு மாதிரி இருக்கிறது. ஏரி ஏற்கெனவே மஞ்சளில் நிற்கிறது.

புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளரின் எண்ணைத் துலுக்காணத்திடம் வாங்கிப் பேசினேன். மரியாதையான ஆள்.

"பாத்துட்டுத்தான் இருக்கோம் மேடம். ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"சிவப்பு வந்தா திறப்பீங்களா?"

"மேலேர்ந்து சொன்னதும் திறந்துடுவோம் மேடம்."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவாங்க மேடம்." குரல் தாழ்ந்தது. "எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தாமு விடுப்பு சொல்லிவிட்டார். மிருதுளாவை மேட்டுப் பகுதியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பத் துணிகளை எடுத்து வைத்தோம். ஆட்டோவுக்காகத் தெருவில் நின்றபோதுதான் பார்த்தேன். ஒருவரும் பொருளை நகர்த்தவில்லை. புதிதாக வாங்கிய மெத்தையை ஒரு வீட்டில் கீழேயே போட்டிருந்தார்கள். கேட்டால், இப்பத்தான் எல்லாம் சரி பண்ணிட்டாங்களே, டிவில சொன்னாங்களே என்றார்கள். போன தடவை சேதமாவது அவர்களைப் பயமுறுத்தியிருந்தது. செய்தி அந்தப் பயத்தையும் துடைத்துவிட்டது.

மிருதுளாவைத் தாமுவோடு அனுப்பிவிட்டு நான் ஷமீமா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "சொல்லப் போறேங்கா. வீடு வீடா. நான்தான் திறக்கச் சொன்னேங்கிறதையும்."

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அடிக்க வந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து வரட்டும்" என்று இறங்கினார்.

முதல் வீட்டில் திட்டினார்கள். தையற்கடைக்காரம்மாவை விட்டு எங்களை மாடியில் ஏற்றிவிட்டு ஏரியைத் திறக்கவைத்தது நீதானா என்று ஒருவர் கத்தினார். ஷமீமா அக்கா பதிலுக்குக் கத்தினார். நான், கரையில் கசிந்த மண்ணைப் பற்றிச் சொன்னேன். மெமோவைப் பற்றிச் சொன்னேன். இப்போது இருக்கிறவர் போனில் பேசினதை அப்படியே சொன்னேன். கத்தினவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டார்.

நான்காவது வீட்டில் ஒரு அம்மா மாவுக் கையோடு வந்தார். நான் சொன்னதையெல்லாம் வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

"கவர்மெண்டுல எல்லாம் மாத்திட்டாங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"மாறிடுச்சான்னு பாக்கத்தான் என்னை அனுப்பினாங்க. மாறலைங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் பயம் அதில் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறை நான் அதை மறைக்கவில்லை.

"எப்பக் கிளம்பணும்?"

"இப்பவே."

ஷமீமா அக்கா அடுத்த வீட்டு அழைப்பு மணியை அழுத்திக்கொண்டிருந்தார்.